பூட்டிய அறையும் சிவப்புப் பொட்டும்

கதவு சாத்தப்பட்டது. வெளிப்பக்கம் சாவி திரும்பியது. நான் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

"இன்னாக்கா இது, துப்பு துலக்க வந்த நம்மளையே உள்ள வச்சு பூட்டிக்கினு போறான்?" என்றேன்.

"போகட்டும் வேலு. வெளியில தேடற வேலை மிச்சம்," என்றாள் சுந்தரவல்லி அக்கா, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பல வருஷம் உட்கார்ந்து, மெட்ராஸ் ஜனங்கள் பேசும் பொய்யைக் காது புளிக்கக் கேட்டவள். பிறகு வேலையை விட்டுவிட்டு, தேனாம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் திறந்தாள். யாராவது பொய் சொன்னால் லைனில் இரைச்சல் கேட்கும் என்பாள். நான் வேலு, அவளுடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவதும், டீ வாங்கி வருவதும், அடி விழும்போது முன்னால் நிற்பதும் என் இலாகாக்கள். சம்பளம் மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

அறைக்குள் எங்களோடு மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பெயர் சகினா. முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை, அப்படி ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்களும் என்னைத் திருடின்னு சொல்லத்தான் வந்தீங்களா?"

"இல்ல. திருடு என்னன்னு தெரிஞ்சுக்க வந்தோம். திருடி யாருன்னு அப்புறம் பார்க்கலாம்," என்றாள் அக்கா.

அந்தத் திருட்டை நான் சொல்லிவிடுகிறேன். அடையாறில் பாலம் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது 'அனந்த் ஸ்கேல்ஸ்'. முதலாளி அனந்தராமன், மயிலாப்பூர்க்காரர். நகைக்கடைகளுக்கு எலெக்ட்ரானிக் தராசு செய்கிறார். முள் கிடையாது, படிக்கல் கிடையாது. நகையை வைத்தால் சிவப்பு எண்ணில் எடை ஒளிரும். தராசுக்குள்ளே கணக்குப் போடுவது ஒரு சிப். ஒரு முழுக் கம்ப்யூட்டரைப் பூரான் அளவுக்குச் சுருக்கி, கால்களோடு விட்டுவிட்டார்கள். கடையிலிருந்து வரும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. இந்த அறையில்தான் அதற்குப் பாடம் ஏற்றுகிறார்கள்.

ஏற்றுவது சகினாவின் வேலை. மேஜைமேல் இருந்த பெட்டியில் மேலே ஒரு குழி, கீழே வரிசையாக எட்டுக் குழிகள். மேல் குழியில் 'மாஸ்டர்' என்கிற தாய் சிப்பைச் செருக வேண்டும். கீழே எட்டுக் காலி சிப்புகள். பொத்தானை அழுத்தினால் தாய்க்குத் தெரிந்தது எட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் ஏறிவிடும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு நாளை ஓட்டினார்களாம். சகினா வந்த பிறகுதான் இது இட்லிப் பானை கணக்கில் நடந்தது. ஒரு ஈடு வேகும்போதே அடுத்த ஈட்டுக்குத் தட்டு தயாராக இருக்கும்.

வினை, தீபாவளி வியாபாரத்தின் நடுவில் வந்தது. தி.நகரில் முத்துலட்சுமி நகை மாளிகை என்று ஒரு கடை. அங்கே எடை போடும் பெரியவருக்கு ஒரு பழக்கம். ஜீரோ பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். அவர் "முருகா, முருகா, முருகா" என்று மூன்று தடவை அழுத்துவார். அப்படி அழுத்திவிட்டு வைத்த நகை எல்லாம் எடை குறைந்து காட்டியது. பக்கத்துக் கடையில் இருந்த இதே கம்பெனித் தராசிலும் அழுத்திப் பார்த்தார்கள். அதுவும் அப்படியே. பழைய நகையை விற்க வரும் ஜனங்களை ஏமாற்ற யாரோ சிப்புக்குள் கள்ளக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். முருகனைக் கூப்பிட்டதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் புகார். இன்று காலையில் பார்த்தால் தாய் சிப்பையே காணோம். அனந்தராமன் கேட்டைப் பூட்டச் சொன்னார். "என்னையும் சேத்து ஒருத்தரும் சோதனை இல்லாம வெளில போகப்படாது" என்று உத்தரவு போட்டார். பிறகு எங்களுக்குப் போன் செய்தார். நாங்கள் வந்ததும், கேட்டில் தன் பையையும் பாக்கெட்டையும் தானே உதறிக் காட்டிவிட்டு, கடைக்காரரைச் சமாதானம் செய்யத் தி.நகர் போனார். திரும்பும்போது போலீஸோடு வருவதாகச் சொல்லியிருந்தார். மாஸ்டரைத் தொடுகிறவள் சகினா ஒருத்திதான் என்பது அவருடைய கணக்கு.

அதுவரை சாவி சேல்ஸ் மேனேஜர் ஜவஹரிடம். எங்களை உள்ளே விட்டுப் பூட்டியதும் அவன்தான்.

"போலீஸ் வர்றதுக்குள்ள நான் வெளியே போயாகணும் மேடம்," என்றாள் சகினா. "பக்ரீத் முடிஞ்சதும் தங்கச்சிக்கு நிக்காஹ். ஒரு தடவை நான் ஜீப்புல ஏறிட்டா, அப்புறம் குத்தம் இல்லைன்னு எந்தக் கோர்ட்டு சொன்னாலும் எங்க தெருவுல செல்லாது. மாப்பிள்ளை வீட்டுல நிச்சயத் தட்டைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

அக்கா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம். மேஜை, பெட்டி, அலமாரி, மூலையில் ஒரு தகரப் பெட்டி, அதற்கு ஒரு மின்சார ஒயர். இருக்கும் வழி அந்த ஒரு கதவுதான். தலைக்கு மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருமிவிட்டு நின்றது.

"ஏ.சி.க்கு சுவிட்ச் எங்க?"

"வெளியே," என்றாள் சகினா.

கதவைத் தட்டினேன். சாவகாசமாகக் குரல் வந்தது.

"என்ன சார்?"

"ஏ.சி. நின்னு போச்சு சார்."

"நான்தான் நிறுத்தினேன். கொஞ்சம் வேர்த்தா அந்தப் பொண்ணு வாயைத் திறக்கும். உங்களுக்குத்தான் உதவி பண்றேன்." செருப்புச் சத்தம் நகர்ந்து போனது.

எனக்கு அப்போதே அவனைப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் காலையிலிருந்தே பிடிக்கவில்லை. நாங்கள் ஆபீஸுக்குள் நுழைந்த உடனே, யாரும் கேட்காமலே, தோல் பையைத் திறந்து தன் சாம்பிள் தராசை எடுத்து வைத்தான். கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டுகிற தராசு. அக்காவின் மோதிரத்தை வாங்கி, ஜீரோவை ஒரு தடவை அழுத்தி எடை போட்டான். மூன்று தடவை அழுத்திப் போட்டான். இரண்டிலும் ஒரே எண்.

"பாத்தீங்களா மேடம்? என் சாம்பிள் சொக்கத் தங்கம். கோளாறு எல்லாம் தயாரிப்பு லைன்ல. லைன்ல உக்கார்றது யாரு?" என்று சகினா நின்ற பக்கம் மோவாயைக் காட்டினான். பிறகு பையை மூடி நம்பர் பூட்டைச் சுழற்றினான். "இது நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். என் சம்சாரம்கூடத் திறக்க முடியாது."

அக்கா மோதிரத்தை மாட்டிக்கொண்டு, "ரொம்ப ஜாக்கிரதையான மனுஷர்," என்றாள். அவ்வளவுதான்.

இப்போது அறை வெந்துகொண்டிருந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அக்கா ஸ்டூலை இழுத்துச் சகினாவுக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"எல்லா சிப்பும் ஒரே மாதிரி இருக்கே. மாஸ்டர் எதுன்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"ஒவ்வொரு சிப்புக்கும் முதுகுல சின்னதா ஒரு கண்ணாடி இருக்கும் மேடம். வெளிச்சம் படாம அதுமேல ஸ்டிக்கர் ஒட்டிடுவோம். மாஸ்டர் ஸ்டிக்கர்மேல மட்டும் நான் நகப்பாலிஷ்ல ஒரு பொட்டு வைப்பேன். சிவப்பு."

நான் அவள் விரல்களைப் பார்த்தேன். நகங்கள் வெறுமையாக இருந்தன. அவளும் அதைக் கவனித்துவிட்டாள்.

"வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. நகப்பாலிஷ் இருந்தா தொழுகைக்கு முன்னால கை கால் கழுவற ஒளு செல்லாது, தொழுக முடியாது. பாண்டி பஜார்ல ஆசைப்பட்டு வாங்கிட்டேன். நான் போட முடியாததை அதுக்காவது போட்டுப் பார்ப்போம்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"நல்ல பாலிஷா? உரிஞ்சு கையோட வருமா?"

"சுரண்டினாகூட வராது மேடம். ஆனா..." நெற்றியைச் சுருக்கினாள். "கொஞ்ச நாளா மாஸ்டரை எடுத்தா விரல்ல சிவப்பு ஒட்டுது. பூஜைக் குங்குமம் மேல இருக்கேன்னு விட்டுட்டேன்."

அக்கா ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டாள்.

"எந்தப் பூஜை?"

"ஆயுத பூஜை. எங்க சார் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பாரு. டெலிபோன், தண்ணி மோட்டார், கேட்டுப் பூட்டு, ஒண்ணையும் விட மாட்டாரு."

"ஜவஹருக்கு வச்சாரா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சகினா சொன்னது இது. பூஜையன்று மத்தியானம் நல்ல நேரம் முடியப் போகிறது என்று திடீரென்று எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார்கள். அவள் மாஸ்டரைக் குழியிலேயே விட்டுவிட்டு ஓடினாள். அவளும் மற்றப் பெண்களும் முதலாளி கண் முன்னாலேயே பொரியும் கடலையும் பொட்டலம் கட்டினார்கள். அப்புறம் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு அறை அறையாகப் போனார். பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. அதனால் அறையைப் பூட்டிச் சாவியை அவரே மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, "சகினா, நீயே முதல் ஈடு போடுமா" என்றார். குழியில் இருந்த சிப்பின் முதுகு முழுக்கச் சந்தனம், நடுவில் சிவப்பு. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"துடைச்சுப் பார்க்கலையா?"

"எப்படி மேடம் தொடைக்கிறது? அவர் கையால வச்ச சாமி சந்தனம். அவங்க மதத்துப் பொண்ணு யாராவது தொடைச்சா சுத்தம் பண்றாங்கம்பாங்க. நான் தொடைச்சா அதுக்கு வேற பேரு. வேண்டாம்னு அப்படியே விட்டுட்டேன். தினம் எடுத்து அலமாரியில இருக்கற சோப்பு டப்பாவுல வைப்பேன், காலையில செருகுவேன். முடிஞ்சவரைக்கும் சந்தனத்துமேல கை படாம பார்த்துக்குவேன்."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

"சகினா, நீ விட்டுட்டுப் போன மாஸ்டர் வேற. மறுநாள் நீ பார்த்த மாஸ்டர் வேற," என்றாள் அக்கா. "நடுவுல ஒருத்தன் உள்ள வந்து, உன்னோடதை எடுத்துட்டு அவனோட கள்ளச் சிப்பைச் செருகியிருக்கான். ஒரு நாலஞ்சு பிள்ளை எடுத்துக்கிட்டு, மறுபடி உன்னோடதை வச்சிடலாம்னு நினைச்சிருப்பான். அதுக்குள்ள சந்தனக் கிண்ணம் வந்துடுச்சு. அவன் சிப்பு குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. மறுநாள் நீ அவனோட களவை எட்டு எட்டா ஏத்தி ஊர் பூரா அனுப்பிட்டே."

சகினா வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப அது என் கையாலதானே நடந்திருக்குது."

"உன் கையால. உன் மனசால இல்ல."

"இதைப் போலீஸ்ல போயி சொன்னா சிரிப்பானுங்கக்கா," என்றேன். "அந்தச் சிப்பு வோணும். அது எங்க கீது?"

அப்போதுதான் எனக்கு அந்தச் சத்தம் உறைத்தது. ஏ.சி. நின்ற பிறகும் அறையில் ஒரு ரீங்காரம் இருந்தது. மூலையில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து வந்தது. அதன் விளிம்பில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது.

"அது இன்னா பொட்டி?"

"அழிக்கிற பொட்டி. தப்பாப் போன சிப்பை ஸ்டிக்கர் உரிச்சு உள்ள வச்சா, அந்த லைட்டு கண்ணாடி வழியா இறங்கி எல்லாத்தையும் அழிச்சிடும். புதுசு மாதிரி மறுபடி ஏத்தலாம். குனிஞ்சு பார்க்காதீங்க அண்ணே, கண்ணு போயிடும்."

"இன்னிக்கு எப்ப போட்டே?" என்றாள் அக்கா.

"நானா? நான் போடலையே. காலையில கேட்டாண்டயே என்னை நிக்க வச்சுட்டாங்க."

மூவரும் அந்தப் பெட்டியைப் பார்த்தோம். சகினா ஓடிப்போய் சுவிட்சை அணைத்து இழுப்பறையை இழுத்தாள். உள்ளே வரிசை வரிசையாகச் சிப்புகள். எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே கால்கள். முதுகுக் கண்ணாடிகளில் ஸ்டிக்கர் கோந்து வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. பொட்டு வைத்தது ஒன்றும் இல்லை.

"காலையில சீக்கிரமா வந்து சோப்பு டப்பாவுலேருந்து எடுத்திருக்கான். வெளியே கொண்டு போறதுக்குள்ள சார் வந்து கேட்டைப் பூட்டிட்டார். சோதனைன்னதும் இதுக்குள்ள போட்டிருக்கான்," என்றாள் அக்கா. "கும்பலோட கும்பலா இருக்கும், தானே அழிஞ்சும் போயிடும். மூளைக்காரன்தான்."

"அரைமணி போதும் மேடம் அழிக்க. இது காலையிலேருந்து ஓடுது." சகினா தரையில் உட்கார்ந்துவிட்டாள். இப்போது அழுதாள். சத்தமே வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின. "போச்சு. எல்லாம் ஒரே வெத்துச் சிப்பு. எதைக் காட்டுவேன்?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த ஜோக்கும் வரவில்லை. கறுப்புக் காகிதம், பூட்டிய கதவு, வேர்வை. கிணற்றுக்குள் நிற்கிற மாதிரி மூச்சு முட்டியது. சாயங்காலம் ஜீப் வரும், இந்தப் பெண் அதில் ஏறுவாள். நாங்கள் ஸ்கூட்டரில் தேனாம்பேட்டை போய் டீ குடிப்போம். நினைக்கவே அவமானமாக இருந்தது.

அக்கா மட்டும் இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சகினா, கள்ளச் சிப்புக்கு முதுகுல ஸ்டிக்கர் இருந்துதா?"

"தெரியாது மேடம். சந்தனம்தான் தெரிஞ்சுது."

"ஸ்டிக்கர் இல்லாட்டி அனந்தராமன் சந்தனத்தை எதுமேல வச்சிருப்பார்?"

சகினா அழுகையை நிறுத்தினாள். "கண்ணாடிமேலயே."

"இதைப் போட்டவன் குங்குமத்தைத் துடைச்சிருப்பான். சிவப்பு இருந்தா கும்பல்ல தனியாத் தெரியும். ஆனா காஞ்ச சந்தனம் லேசுல போகாது. மத்ததுல ஒட்டியிருக்கற கோந்து மாதிரிதான் இருக்கும். வெளிச்சம் அந்தக் கண்ணாடி வழியாத்தான் இறங்கணும்னு தெரிஞ்சவன் சுரண்டி எடுத்திருப்பான். தெரியாதவன்?"

"பொட்டிக்குள்ள போட்டா போதும்னு நினைப்பான்," என்றேன் நான்.

சகினா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இழுப்பறையை மேஜைக்குக் கொண்டு வந்தாள். அவள் பெட்டியில் இரண்டு விளக்குகள். வெற்றுச் சிப்பு என்றால் பச்சை, உள்ளே ஏதாவது எழுதியிருந்தால் சிவப்பு. ஒவ்வொன்றாகச் செருகினாள். பச்சை. பச்சை. பச்சை. அவள் விரல்கள் போன வேகத்தைப் பார்த்தால் பூக்கட்டுகிறவர்கள்கூடத் தோற்றுப் போவார்கள். பச்சை. மறுபடி பச்சை. அழிக்கிற பெட்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. இழுப்பறையில் கடைசி வரிசைக்கு வந்தபோது நான் மனசுக்குள் முருகா என்று மூன்று தடவை சொன்னேன்.

சிவப்பு.

நான் என்னை மறந்து ஒரு விசில் அடித்துவிட்டேன். அந்த ஒரு விசிலில் எல்லாம் கெட்டிருக்கும். அடுத்த நிமிஷம் விளக்கு, மெஷின் எல்லாம் அணைந்து அறை இருட்டாகிவிட்டது. வெளியே யாரோ மெயினை இறக்கிவிட்டார்கள். சகினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

பூட்டுத் திறந்தது. கதவு இடுக்கில் டார்ச் வெளிச்சம்.

"கரண்ட் போச்சு. வெளியே வாங்க," என்றான் ஜவஹர். குரலில் சர்க்கரை. "ஆனா ஒவ்வொருத்தரா. சார் சொல்லியிருக்கார், சோதனை பண்ணாம யாரையும் விடக்கூடாதுன்னு. கையில என்ன இருக்கு, காட்டுங்க."

அவன் வந்தது எதற்கென்று எனக்குப் புரிந்தது. வெளியே போக நாங்கள் துடிப்போம், சிப்பைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

"பெண்பிள்ளைகளை நீங்க சோதிக்க முடியாதே சார்," என்றாள் அக்கா. "பரவாயில்ல. சார் வரவரைக்கும் நாங்க உள்ளயே இருக்கோம். நீங்க பாட்டுக்குப் பூட்டிக்கோங்க."

"இந்த வெக்கையிலயா?"

"எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. வேலு, கதவைச் சாத்து."

சாத்தினேன். உள்தாழ்ப்பாளையும் போட்டேன். கொஞ்ச நேரம் முன்பு வரை எங்களை அடைத்து வைத்திருந்த கதவு அது. இப்போது முதுகை அதில் சாய்த்துக்கொண்டு காவல் நின்றேன். அவன் வெளியிலிருந்து இரண்டு தடவை தள்ளிப் பார்த்தான். பிறகு சத்தம் இல்லை. அந்த இருட்டில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கார் ஹாரன் கேட்டபோது சகினா ஏதோ பிரார்த்தனையை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு வந்தது. அனந்தராமனின் குரல் கேட்டதும் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவர் பின்னால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். அவருக்கும் பின்னால், தோல் பையோடு ஜவஹர்.

"என்னம்மா, ஏதாவது ஒத்துண்டாளா?" என்றார் அனந்தராமன்.

அக்கா சிப்பை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "இது எதுன்னு சொல்லுங்கோ சார்."

அவர் கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டார். மோந்து பார்த்தார். "இது எங்காத்துச் சந்தனமாச்சே. ஜவ்வாது போட்டு நானே அரைச்சது. அந்த மெஷின்ல இருந்ததுக்கு இட்டேன்."

"பூஜையப்போ குழியில இருந்த சிப்பு. கள்ளக் கணக்கு இதுலதான் இருக்கு. இன்னிக்கு யாரோ அழிக்கப் பார்த்திருக்கா, உங்க சந்தனம் அழிய விடல்ல. நீங்க இடறதுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாரு இருந்தா?"

"ரூம்ல யாரும் இல்ல. ஜவஹர் மட்டும் வாசல்ல நின்னுண்டிருந்தான். கதவைப் பூட்ட வந்தேன்னான்."

"பூட்டத்தான் போனேன் சார்," என்றான் ஜவஹர். அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அந்தச் சிப்பைச் செருகிட்டுத்தான் இவ பூஜைக்கு வந்திருக்கா. நான் சேல்ஸ்மேன். எனக்கும் சிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

சப்-இன்ஸ்பெக்டர் சகினா பக்கம் திரும்பினார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவன் சொல்வதை மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

"சரியாச் சொன்னீங்க," என்றாள் அக்கா. "உங்க சாம்பிள் தராசு யோக்கியமானது. காலையில என் மோதிரத்தை நிறுத்துக் காட்டினீங்க. சாருக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்."

அவன் முகம் மலர்ந்தது. பையின் பூட்டைச் சுழற்றித் திறந்து, தராசை மேஜைமேல் வைத்தான்.

"இந்தப் பையை வேற யாரும் திறக்க முடியாது, இல்லையா?"

"என் சம்சாரம்கூட முடியாது மேடம்."

"நல்லது. சகினா, ஸ்க்ரூ டிரைவர் எடு. அடிமூடியைக் கழட்டு."

ஜவஹரின் கை தராசின்மேல் போய் விழுந்தது. என் இலாகா வந்துவிட்டது. அந்த மணிக்கட்டைப் பிடித்து, "கொஞ்சம் தள்ளிக்க நைனா, பொண்ணு வேலை செய்யுதுல்ல," என்றேன். சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு அடி முன்னால் வந்தார்.

மூடி கழன்றது. சகினா உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். பிறகு இரண்டு விரலால், காய்ச்சல் குழந்தையைத் தூக்குவது போல, ஒரு சிப்பை வெளியே எடுத்தாள். ஸ்டிக்கர் ஒட்டிய சிப்பு. ஸ்டிக்கர்மேல் ஒரு சிவப்புப் பொட்டு. நகத்தால் சுரண்டினாள். வரவில்லை.

"இது என்னோடது," என்றாள். "என் பாலிஷ். பாட்டில் அலமாரியில இருக்கு, பார்த்துக்குங்க."

"கள்ளச் சிப்பு முதல்ல இந்தச் சாம்பிளுக்குள்ளதான் இருந்தது சார்," என்றாள் அக்கா. "ஆசைப்படற நகைக்கடைக்காரங்களுக்கு ரகசியமாக் காட்ட. பூஜையன்னிக்கு அதைக் கழட்டிண்டு வந்து மெஷின்ல செருகினார், சகினாவோடது இவர் பாக்கெட்டுக்குப் போச்சு. நீங்க வந்து பூட்டிட்டேள். மறுநாள் கடைக்குப் போகணும், சாம்பிளுக்குள்ள சிப்பு இல்ல. பாக்கெட்டுல இருந்ததைச் செருகிண்டார். புகார் வரவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கலைன்னு அப்படியே விட்டுட்டார். ஊரெல்லாம் கள்ளத் தராசு, கள்ளன் கையில மட்டும் நல்ல தராசு. அதைக் காட்டியே தப்பிச்சிடலாம்னும் நினைச்சார்."

"எல்லாம் பொய்," என்றான் ஜவஹர். அக்கா சொல்கிற இரைச்சல் எனக்கே கேட்டது.

போனில் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லப்பட்டது. ஜீப் வரும்வரை ஜவஹரை எங்கே வைப்பது என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒரே ஒரு கதவு, கறுப்புக் காகித ஜன்னல், ஏ.சி. ஓடாத அறை ஒன்று அங்கே தயாராக இருந்தது. நாங்கள் வெளியே வந்தோம், அவன் உள்ளே போனான். சாவியை அனந்தராமன் சகினாவிடம் கொடுத்தார். அவள் பூட்டினாள். ஒரு தடவை இழுத்தும் பார்த்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் காற்று வந்தது. அனந்தராமன் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் மேல்துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கப்படாதும்மா. பெரிய தப்பு. அந்தச் சந்தனத்தை நீ ஒரு தடவை துடைச்சுப் பாத்திருந்தா இத்தனை தூரம் வந்திருக்காது. அடுத்த வருஷம் பூஜை முடிஞ்சதும் நீயே உன் கையால எல்லாத்தையும் துடைச்சுடு. யாராவது ஏதாவது சொன்னா நான் பாத்துக்கறேன்."

சகினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சாவியை அவர் கையில் திருப்பி வைத்தாள்.

"சந்தோஷம் சார். ஆனா அன்னிக்குத் தொடைக்காம விட்டேன் பாருங்க, அதனாலதான் இன்னிக்கு நான் வீட்டுக்குப் போறேன்."